கூட இருந்து கேட்டவர்கள்

பெரியநீலாவணையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போகிறவருக்கு ஊர்கள் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று சொல்வது கடினம். ஏ4 வீதியோரமாக மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாகக் கலந்து வருகின்றன. ஒரு மதகோ ஒரு வரவேற்பு வளைவோதான் எல்லை. சத்தத்துக்கு அந்த எல்லையும் கிடையாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முந்திய நாட்களில் அடிக்கிற மேளம் மருதமுனைத் தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடியேறும் நாட்களில் நாகூர் ஹனிபாவின் குரல் தமிழ் வீட்டு முற்றங்களுக்கும் போகும். வைகாசியில் காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலின் குளிர்த்திப் பாட்டு சாய்ந்தமருதின் தெற்குத் தெருக்களுக்குப் பழகிய மெட்டு.

இந்தக் கரையில் ஒருத்தியின் இசை ரசனை எப்படி உருவாகிறது என்று கேட்டால் என் பதில் இந்த வீதியிலிருந்துதான் தொடங்கும். என் விருப்பம் என்று நான் உரிமை கொண்டாடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவற்றை நான் தேடிப் போகவில்லை. அவை காதில் விழுந்தன. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நான் இருந்தேன்.

இப்போது ஒரு பிள்ளையிடம் என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டால் போனைத் திறந்து பட்டியலைக் காட்டும். என் வயதுக்காரியிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "வாப்பா கேட்பாரே, அந்தப் பாட்டு" என்பாள். "முன்வளவு ராத்தா துணி தைக்கக்க பாடுவாவே, அது" என்பாள். பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நிற்பார். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எங்கள் ஊர்களில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

வானொலியை விட்டு இதைச் சொல்ல முடியாது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்று, 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கி, 1967இல் கூட்டுத்தாபனமான நிலையம் அது. இந்தியாவில் 1952 முதல் 1962 வரை ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கிவைத்தபோது தமிழ்நாட்டு வீடுகளும் கொழும்புப் பக்கம் ஊசியைத் திருப்பின. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு நிகராகப் புழங்கிய காலம். தேத்தண்ணிக் கடையில் இருந்து அதைக் கேட்டவர்கள் ஆண்கள். நாங்கள் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டோம். 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி முடிவதற்குள் அரிசி களைந்து உலையில் போட்டிருக்க வேண்டும் என்பது உம்மாவின் கணக்கு.

இன்றைக்கும் என்னை யோசிக்க வைப்பது நேயர் விருப்பம். தபாலட்டையில் எழுதிப் போடுவார்கள். பாட்டு வருமுன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். மருதமுனையில் ஒரு வீட்டார் முழுப்பேரும், நிந்தவூரில் ஒரு நண்பர் கூட்டம், அடுத்த மூச்சில் காரைதீவு, பிறகு வவுனியா, ஹட்டன், புத்தளம். அந்தப் பெயர்களைக் கேட்டபடியேதான் பாட்டு எங்களுக்குள் இறங்கியது. ஒருவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, நாட்டுக்கே தெரிந்திருந்தது. இன்னாருக்கும் எனக்கும் ஒரே பாட்டுப் பிடித்திருக்கிறது என்று அறிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம் இருந்தது. முகம் தெரியாத ஹட்டன்காரி ஒருத்தி என் விருப்பத்துக்குச் சாட்சியானாள்.

ஹனிபாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்த இசைமுரசு, தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளின் குரல். அந்த அரசியலை அறியாத எங்கள் பெண்களும் அந்தக் குரலை முதல் அசையிலேயே அறிவார்கள். குழைவே இல்லாத, நேராக வந்து நிற்கிற குரல். இன்று அவரைக் கேட்கும்போது கடற்கரைப் பள்ளியின் மினாரா, மணலில் போட்ட கடைகள், மஸ்கத் இனிப்பின் வாசனை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பாட்டை மட்டும் தனியே பிரித்து, இது நல்ல இசையா என்று என்னால் கேட்க முடியவில்லை. முடியவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தமிழ் இஸ்லாமியப் பாடல்களில் பலவற்றின் மெட்டு ஹிந்திப் படங்களிலிருந்து வந்தது என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். மௌலூது மஜ்லிசில் பைத்துக்கு லெப்பை பிடிக்கிற மெட்டும் சில வேளை அங்கிருந்து வந்ததாகவே இருக்கும். ஸலவாத்துக்கும் சினிமாவுக்கும் ஒரே மெட்டு இருப்பது மூத்தவர்களுக்கு முரணாகப் படவில்லை. நல்ல மெட்டு என்றால் அதை நல்ல காரியத்துக்குக் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான்.

வருடத்தின் மாதங்களையே நாங்கள் காதால்தான் அறிந்தோம். றபீஉல் அவ்வலில் சுப்ஹான மௌலூது, அடுத்த மாதம் முஹியித்தீன் மௌலூது, ஜமாதுல் ஆகிரில் கொடியேற்றம். றமழானில் சஹர் நேரத்துக்கு றபான் தட்டி, பைத்துப் பாடி, தெருத் தெருவாக எழுப்பி வருகிற பாவாமார். வட்டையில் சூடு அடிக்கும் காலத்தில் களவெட்டியிலிருந்து பொலிப்பாட்டு. கரவலை இழுப்பவர்களின் அம்பா. அறுவடைக்கு வெட்டு மெசின் வந்த பிறகு களவெட்டியே இல்லை, பாட்டு எங்கே இருக்கும்? வேலையோடு பிறந்த பாட்டுகள் வேலையோடு போய்விட்டன. அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் இல்லை. வெயிலில் சூடடித்தவர்களின் முதுகு வலியும் அதோடு போயிற்று.

பெண்களின் கவி வேறு கதை. அது வேலையோடு கட்டப்பட்டிருக்கவில்லை, வளவோடு கட்டப்பட்டிருந்தது. அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தன் பெருநூலில் இந்தக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. உம்மா அதே வளவில் இன்னொரு குடிலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒதுங்குவா. சொத்தையும் சீதனத்தையும் பற்றிப் பேசும்போது இந்த வழமையை எல்லாரும் சொல்வார்கள். காதைப் பற்றிப் பேசும்போதும் இதைச் சொல்ல வேண்டும். மூத்தம்மா, உம்மா, மகள், மகளின் மகள் என்று நான்கு தலைமுறைப் பெண்கள் ஒரே மாமரத்தடியில் இருந்தால் மெட்டு கைமாறுவதற்கு வேறு ஏற்பாடு தேவையில்லை. ஆண்கள் தங்கள் தாய்வளவின் காதோடு வந்து சேருவார்கள். அவர்கள் ரசனை வெளியிலிருந்து வந்தது, எங்கள் ரசனை மண்ணோடு கிடந்தது.

கவிக்கு நாலடி. மெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். மச்சானை நினைத்து உருகுவதும், மாமி செய்த கொடுமையைச் சொல்வதும், பிள்ளையைத் தாலாட்டுவதும், தூரத்துக்குப் போனவனுக்குச் சேதி சொல்வதும் அந்த ஒரே மெட்டுக்குள் நடக்கும். ஒரே மெட்டு என்பதால் கேட்கிறவளின் கவனம் முழுவதும் குரலில் நிற்கும். இன்றைக்கு ராத்தாவின் குரல் ஏன் இரண்டாம் அடியில் இடறியது என்று அடுத்த வளவுக்காரிக்குத் தெரிந்துவிடும். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமானும் நிந்தவூரின் எஸ். முத்துமீரானும் இந்தக் கவிகளைத் தேடி எழுதி அச்சேற்றாமல் இருந்திருந்தால் எங்கள் பெண்களின் சொல் இலக்கியத்துக்குள் வந்திருக்காது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் நான் பார்த்த தொகுப்புகளில் சொற்கள்தான் இருக்கின்றன. மெட்டை எழுதிவைக்க யாருமில்லை. எங்கள் ஊர்களில் இசை படித்தவர்கள் இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை என்ற கேள்வி என்னை எப்போதும் தொந்தரவு செய்கிறது. சாய்ந்தமருதின் அடுத்த ஊர் காரைதீவு. 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்கி, மறைந்துபோன யாழ்களின் நரம்பையும் சுருதியையும் கணக்கிட்டு அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலையில் அடிகள் மறைந்தார். பழந்தமிழ் இசைக்காக ஒருவர் வாழ்நாளைக் கொடுத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் அவரைத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் கவிஞராக மட்டும் படித்தோம். நான் அறிந்த எங்கள் பாடசாலைகளில் அழகியல் பாடம் என்றால் சித்திரம். சங்கீதம் காரைதீவுப் பிள்ளைகளுக்கு. அடிகளின் பெயரால் மட்டக்களப்பில் அழகியல் கற்கைகளுக்கு ஒரு நிறுவகமே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே வாய்ப்பாட்டுப் படிக்கப் போகிறது என்றால் ஊர் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கும்.

மார்க்கத்தின் தடை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. எண்பதுகளிலிருந்து எங்கள் ஊர்களில் மாற்றம் வந்தது உண்மை. மௌலூது ஓதலாமா, ராத்திபு கூடுமா, கொடியேற்றம் சரியா, வாத்தியம் ஹறாமா என்று பள்ளிவாசல் முற்றங்களிலும் குடும்பங்களுக்குள்ளும் பிரிவு வந்தது. கல்யாண வீடுகளில் குரவை குறைந்தது. கவி படித்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இதையெல்லாம் இழப்பு என்றுதான் நான் எண்ணுகிறேன். ஆனால் அதே ஆண்டுகளில் எங்கள் காதுகள் வேறொரு பக்கமாகக் கூர்மையானதையும் சொல்லாவிட்டால் உண்மை முழுமையாகாது. எகிப்தின் காரி அப்துல் பாசித் அப்துஸ் ஸமதின் கசெட்டுகள் வீட்டுக்கு வீடு வந்தன. 1927இல் பிறந்து 1988இல் மறைந்த அவர், ஒரே மூச்சில் ஓர் ஆயத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்பதைக் கேட்கக் கேட்க, எந்த வாத்தியமும் இல்லாமல் மனிதக் குரல் மட்டும் என்னவெல்லாம் செய்யும் என்பதை நாங்கள் பழகினோம். பாடசாலைக் கிராஅத் போட்டியில் ஒரு சிறுமி ஓதும்போது அவள் எந்த மகாமில் நிற்கிறாள் என்று பெயர் சொல்லத் தெரியாதவர்களும், அவள் அதை விட்டு விலகும் இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். பெயர் தெரியாத ஞானம் அது. காரைதீவுக் கோயில் நாதஸ்வரத்தில் ராகம் மாறும்போது பெயர் தெரியாமல் நிமிர்ந்த அதே காதுதான் இதுவும்.

வெளிநாடு போனவர்கள் கொண்டுவந்தது இன்னொரு பங்கு. 1989இல் மொரிஸ் ஹோல்புரூக், ரொபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மனிதர்கள் தங்கள் 23, 24 வயதில் பிரபலமாக இருந்த பாட்டுகளையே பிற்காலத்திலும் அதிகம் விரும்புகிறார்கள் என்று. அதைப் படித்ததும் எனக்கு என் காக்காவும் அவர் கூட்டாளிமாரும் நினைவுக்கு வந்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எங்கள் ஊர் இளைஞர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வயது ரியாதிலும் தோஹாவிலும் கழிந்தது. ஓர் அறையில் ஆறேழு கட்டில். மேல் கட்டிலில் மலப்புரத்துக்காரன், எதிர்க் கட்டிலில் லாகூர்க்காரன். ஒருவனுடைய கசெட்டில் மாப்பிளப் பாட்டு, மற்றவனுடையதில் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலி. மலையாளமோ உருதுவோ தெரியாமல் காக்கா அவற்றைத் தன் இளமையின் பாட்டாகக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அவருடைய போனில் மாப்பிளப் பாட்டு வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். கேரளத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்த அறையைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

பெண்களும் போனார்கள். அவர்களுக்கு ஆறேழு கட்டில் அறை கிடைக்கவில்லை. பிறர் வீட்டுச் சமையலறையில் தனியே நின்று, கூடத்துத் தொலைக்காட்சியில் உம்மு குல்தூமோ முகம்மது அப்துவோ பாடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவர்கள். எங்கள் தெருவில் ஒரு ராத்தா தன் பேரப்பிள்ளையை அரபுத் தாலாட்டுப் பாடித் தூங்க வைப்பா. வேறொருவரின் பிள்ளைக்காகப் பழகிய தாலாட்டு. தன் சொந்தப் பிள்ளைகளின் தாலாட்டுப் பருவத்தில் அவ இங்கே இருக்கவில்லை. அந்த மெட்டை அவ எவ்வளவு விரும்பிப் பாடுகிறா என்பதைக் கேட்டவர்களுக்கு, ரசனையை மனிதர் சுதந்திரமாகத் தெரிவு செய்கிறார்கள் என்று எழுதக் கை வராது.

யுத்தம் எங்கள் காதுக்குச் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சத்தம் எல்லாம் முதலில் ஆபத்தா என்று கேட்கப்பட்டது, பிறகுதான் என்ன பாட்டு என்று. இயக்கப் பாட்டுகளின் மெட்டு நல்லதா என்று கேட்கும் நிலையில் எங்கள் காதுகள் இருக்கவில்லை. எங்கள் பக்கத்து ஒலிபெருக்கிகள், தேர்தல் காலப் பாட்டுகள் உட்பட, காரைதீவிலும் பாண்டிருப்பிலும் எப்படிக் கேட்டிருக்கும் என்று நாங்களும் யோசிக்கவில்லை. ஒரே வானொலியில் பெயர்கள் சேர்ந்து வாசிக்கப்பட்ட ஊர்கள் ஒருவர் சத்தத்தை ஒருவர் பயந்து கேட்ட காலம் அது. 2004 டிசம்பர் 26இல் கடல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மௌத்து அறிவித்தலுக்கு அன்றி வேறெதற்கும் ஒலிபெருக்கி போடாத மாதங்கள் வந்தன.

பிறகு போன் வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பண்பலை வானொலிகள் வந்தபோதும் பாட்டு அறையில் எல்லாருக்கும் பொதுவாகவே ஒலித்தது. எங்கள் பகுதிக்கென்று பிறை எப்.எம். வந்தபோது நம்முடைய பேச்சு வழக்கு வானொலியில் கேட்கிறதே என்று உம்மா பூரித்துப்போனா. ஹெட்செட்தான் முதன்முதலில் பாட்டை ஒருத்தியின் காதுக்குள் மட்டும் வைத்துப் பூட்டியது. 2021 பெப்ரவரியில் ஸ்பொடிஃபை இலங்கைக்கு வந்தது. அந்த ஆண்டின் மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி', மே மாதத்தில் யோஹானி பாடிய 'மெனிக்கே மகே ஹிதே'. என் மகளுக்கு இரண்டும் பிடித்தது. சிங்களப் பாட்டொன்றை எங்கள் வளவில் ஒரு பிள்ளை முழுவதும் பாடமாக்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எந்த ஊரில் யார் அதைக் கேட்கிறார்கள் என்று அவளுக்குக் கவலையில்லாமல் பிடித்தது என்பதை நான் மதிக்கிறேன்.

அவளிடமிருந்து நான் அறிந்துகொண்ட ஒன்று உண்டு. மஹர் ஸைனின் 2009ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்குப் பிறகு உலகெங்கும் முஸ்லிம் இளைஞர்களிடம் ஒரு புதிய பாட்டு முறை பரவியது. ஒரே பாட்டு வாத்தியத்தோடும் வரும், குரல்கள் மட்டுமாகவும் வரும். கேட்பவர் தன் மனச்சாட்சிப்படி எடுத்துக்கொள்ளலாம். 2019இல் டீஸர் நிறுவனம் பாட்டிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே பிரிக்கும் மென்பொருளை எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு எந்தப் பாட்டிலிருந்தும் வாத்தியத்தை நீக்கிவிடலாம் என்றாயிற்று. எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுகளை அப்படிக் கேட்கிறார்கள்.

"மியூசிக் இல்லாம எப்படி மகள் பிடிக்கிது?" என்று கேட்டேன்.

"அப்பதான் உம்மா, பாடுறவங்க மூச்சு எடுக்கிறது கேக்கும்" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. அப்துல் பாசித்தைக் கேட்ட வீட்டில் வளர்ந்த காது வேறெப்படிச் சொல்லும்?

ஆகையால் இன்றைய பிள்ளைகளுக்கு ரசனை இல்லை என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தேத்தண்ணிக் கடைக்குப் போக முடியாத பெண்களுக்குப் போன் என்ன கொடுத்தது என்பதையும் நான் அறிவேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஆண்கள் திருப்பிவைத்த அலைவரிசையை மட்டும் கேட்டு வளர்ந்தவள் நான். கூட இருந்தவர்கள் துணையாக மட்டும் இருக்கவில்லை, காவலாகவும் இருந்தார்கள். ஒரு பெண் எந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடுகிறாள் என்று கவனித்துப் பேசுகிற வாய்களும் அந்தத் தெருவில் இருந்தன. என் மகள் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் கேட்கிறாள். அந்த விடுதலையைத் திரும்பப் பறிக்கச் சொல்லி நான் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

என் கவலை வேறு. இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் கேட்டல் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் விவாதங்களில் அதிலிருந்து கூடும், கூடாது என்பதற்கான ஆதாரத்தை மட்டும் எடுப்பார்கள். கேட்பதற்கு உரிய காலம், உரிய இடம், உரிய தோழர்கள் என்று மூன்று வேண்டும் என ஜுனைத் பக்தாதியின் பேரில் வழங்கும் கருத்தை அவர் விளக்குகிற பக்கங்களை யாரும் திறப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த நூலில் இசை பற்றி ஆழமானது அதுதான். போன் காலத்தையும் இடத்தையும் நம் கையில் தந்துவிட்டது. எந்த நேரமும் கேட்கலாம், எங்கிருந்தும் கேட்கலாம். தோழர்களை அது வேறு விதமாகக் கொண்டுவருகிறது. என் மகளைப் போலவே பாட்டைத் தாண்டிப் போகிற, நிறுத்துகிற, திரும்பக் கேட்கிற லட்சம் பேரை எங்கிருந்தோ கணக்கிட்டெடுத்து, அவர்கள் கேட்டதை அடுத்ததாக அவளுக்கு வைக்கிறது. அவர்களில் ஜகார்த்தாக்காரி இருக்கலாம். காரைதீவுக்காரி இருந்தாலும் இவளுக்குத் தெரியப்போவதில்லை, அவளுக்கும் தெரியப்போவதில்லை. ஹட்டன்காரியின் பெயரையாவது எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

அவளுக்குப் பிடிக்காதது எதுவும் அவள் காதில் விழுவதில்லை என்பது இன்னும் பெரிய விஷயம். குளிர்த்திப் பாட்டை நான் விரும்பிக் கேட்கவில்லை. றபான் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தது. காக்காவின் கவ்வாலி எனக்கு முதலில் இரைச்சல். விரும்பாமல் கேட்டவைதான் பின்னாளில் என் விருப்பத்துக்கு அகலம் கொடுத்தன. பிடித்ததற்கு அருகிலேயே பிடித்ததை வைத்துக்கொண்டு போகும் ஏற்பாட்டில் அந்த அகலம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருட நோன்பு விடுமுறையில் மகள் தன் மூத்தம்மாவிடம், அதாவது என் உம்மாவிடம், கவி படிக்கச் சொல்லிப் போனை நீட்டினாள். உம்மா சொற்களை மட்டும் சொன்னா. பேசுவது போல, மெட்டில்லாமல். பாட்டாகப் படிக்கச் சொன்னதும் "இப்ப அதெல்லாம் படிக்கிறல்ல மகள்" என்று எழும்பப் போனா. பிள்ளை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உம்மா சொன்னா: "தனியப் படிக்க வராது. மற்ற வளவு ராத்தாவையும் கூப்பிடு."

ராத்தா வந்தா. முதல் இரண்டு அடி சேர்ந்து போயிற்று. மூன்றாவது அடியில் உம்மா மேலே போனா, ராத்தா கீழே இறங்கினா. இருவரும் நிறுத்திவிட்டார்கள். தன் உம்மா இப்படித்தான் படிப்பா என்று இவ சொல்ல, அப்படிப் படித்தால் பிள்ளை தூங்காது என்று அவ சொல்ல, அந்தக் கவி யாருடைய குடிக்குரியது, எந்த வருச வெள்ளத்தின்போது யார் கட்டியது என்று பேச்சு வளர்ந்தது. முன்வீட்டு மாமியும் வந்து மூன்றாவதாக ஒரு மெட்டைச் சொன்னா. மகள் மூன்றையும் பதிவு செய்து, எது சரி என்று என்னிடம் கேட்டாள். மூன்றையும் நூலக நிறுவனத்தின் இணைய ஆவணகத்துக்கு அனுப்பு, யார் எந்த வளவு என்பதையும் சேர்த்து எழுது என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இன்னும் இரண்டு வளவுப் பெண்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மெட்டைப் பற்றிய சண்டையை முடித்துவைக்கத்தான் வருகிறார்களாம்.